முனுசாமி தெருவில் இரண்டு ஒன்பது

நான் தினமும் தபால் கொடுத்த தெருக்களுக்கு, அதாவது என் பீட்டுக்கு, புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நடு முனுசாமி தெருவில் வீட்டுச் சுவர்களில் கறுப்பாகப் பட்டை பட்டையாக எழுதியிருக்கும் எண்களைப் பார்த்துவிட்டு, "இந்த நம்பரைப் போட்டது எந்த ஆபீஸ் சார்?" என்று உங்களில் ஒருவர் போன வாரம் கேட்டீர்கள். எந்த ஆபீஸும் இல்லை. நான்தான் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. அரசாங்கமும் கேட்கவில்லை, தபால் துறையும் கேட்கவில்லை, வீட்டுக்காரர்களும் கேட்கவில்லை. போட்ட வினையால் ஒரு பெண்ணின் பதினோரு வருஷக் காத்திருப்பு மண்ணோடு மண்ணாகப் போகப் பார்த்தது. நான் செய்தது சரியா தப்பா என்று ரிட்டயர்டு ஆகி இத்தனை நாள் கழித்தும் எனக்கு விளங்கவில்லை. விளங்கியவரை சொல்கிறேன். மீதியை நீங்கள் வண்டி மிதிக்கும்போது யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் ஏன் அப்படி ஒரு கிறுக்கு என்று சொல்லிவிட வேண்டும். தபால்காரன் ஆவதற்கு முன் கடற்படையில் பதினைந்து வருஷம் சிக்னல்மேன். கொடியும் விளக்கும்தான் வேலை. கப்பலில் ஒவ்வொரு அறைக்கும் எண் உண்டு. முன்பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே வரவேண்டும். வலது பக்கம் ஒற்றைப்படை, இடது பக்கம் இரட்டைப்படை. இதை மனப்பாடம் செய்யச் சொன்னபோது, இது என்னடா சின்னப் பிள்ளை பாடம் என்று சலித்துக்கொண்டேன். ஒருநாள் கீழ்த்தளத்தில் தீப்பிடித்து நடைபாதை முழுக்கப் புகை. என் கூட்டாளி ஒருவன் உள்ளே மாட்டிக்கொண்டான். "இருபத்தி மூணு, இருபத்தி மூணு" என்று அவன் கத்துவது மட்டும் கேட்டது. கண் தெரியவில்லை. வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டே போய், கதவுகளில் புடைத்திருந்த எண்களை விரலால் படித்து, இருபத்து மூன்றை இழுத்துத் திறந்து அவனை வெளியே கொண்டுவந்தேன். அன்று பிடித்தது எனக்கு எண் பைத்தியம்.

அப்படிப்பட்டவனை முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் தபால் துறைக்கு எடுத்து, பொழிச்சலூருக்கும் பம்மலுக்கும் நடுவில் கொண்டுவந்து விட்டார்கள். ஏரிக்குப் பக்கத்தில் விளைநிலமாக இருந்ததைச் சில வருஷம் முன்பு மனை போட்டு விற்றிருந்தார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். பாகம் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு நகர் போட்டார்கள். மூன்று பேருக்கும் செத்துப்போன அப்பா மேல் கொள்ளைப் பாசம். மூன்று பேரும் தன் தன் நகரின் முதல் தெருவுக்கு அப்பா பெயரையே வைத்தார்கள். ஆக மூன்று முனுசாமி தெரு, மூன்றும் அடுத்தடுத்து, மூன்றுக்கும் ஒரே பின்கோடு.

பெரியவரிடம் போய், பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். "நான் மூத்தவன், நான் எதுக்கு மாத்தணும்?" என்றார். கடைசித் தம்பியிடம் போனேன். "எங்க நைனா என்னாண்டதான் பா உசிர வுட்டாரு" என்றார். நடுவிலவரிடம் போகவே இல்லை.

தெருப் பெயர் இப்படி என்றால் வீட்டு எண் அதைவிட மோசம். மனை விற்ற வரிசையில் எண் கொடுத்திருந்தார்கள். நடு முனுசாமி தெருவில் ஏழாம் மனைக்குப் பக்கத்தில் முப்பத்தொன்று. அதற்கடுத்து நான்கு. வீட்டு வரி ரசீதில் வேறொரு எண். முதல் ஒரு மாதம், கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நின்றிருக்கிறேன்.

பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய எக்ஸ்ரே பிலிமில் எண்களை வெட்டி அச்சு செய்துகொண்டு, கறுப்பு பெயின்ட் டப்பாவோடு நடு முனுசாமி தெருவுக்குப் போனேன். ஏரிப் பக்கம் தொடங்கினேன். வலது பக்கம் ஒன்று, மூன்று, ஐந்து. இடது பக்கம் இரண்டு, நான்கு, ஆறு. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க முடிந்தது. கடைசியில் நின்று திரும்பிப் பார்த்தபோது கப்பலில் நிற்பது போலவே இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டது கொஞ்ச நாள்தான்.

மறுநாள் எட்டாம் எண் வீட்டு ஏகாம்பரம் என்னை வாசலிலேயே மடக்கினார். முன்பு விவசாயம் பார்த்தவர். நிலம் விற்றபின் மாடி கட்டி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாபா இது? என் வூட்டுக்கு எட்டா? எட்டு சனி நம்பரு பா. குடி வந்ததுலேர்ந்து ஒரே பேஜாரா கீதே, ஏன்னு இப்பத்தானே தெரியுது."

"நம்பர் நேத்துதானே போட்டேன்? நீங்க குடி வந்து நாலு வருஷமாச்சே?"

"அதெல்லாம் முன்னாடியே வேல செய்யும்."

அதற்குமேல் அவரிடம் என்ன பேசுவது? அடுத்த வாரம் போனால் எட்டின் மேல் சுண்ணாம்பு அடித்து, ஒன்பது என்று தன் கையால் எழுதி வைத்திருந்தார். நியூமராலஜிக்காரர் சொன்னாராம், ஒன்பது அவருக்கு ராசியாம். எதிர் வரிசையில், ஒரு வீடு தள்ளி, காதர் பாய் வீட்டுக்கு நான் ஏற்கெனவே ஒன்பது போட்டிருந்தேன். எதிரெதிரே இரண்டு ஒன்பது. சொல்லிப் பார்த்தேன். "தெனம் நீதானே வர. உனக்குத் தெரியும்ல? அப்பால இன்னா?" என்றார்.

ஆமாம், எனக்குத் தெரியும் என்று நானும் விட்டுவிட்டேன். அந்தத் தெருவைத் தலைகீழாகச் சொல்வேன் என்ற திமிர். உண்மையான தப்பு இங்கேதான் நடந்தது என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், பெயின்ட் டப்பாவைத் தூக்கியதே தப்பு என்று தோன்றுகிறது.

காதர் பாயின் மகள் ஃபரீதா. அப்போது முப்பத்து மூன்று வயது இருக்கும். கணவர் பம்மல் பக்கம் தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். இரண்டு பிள்ளைகள். எல்லோரும் காதர் பாய் வீட்டில்தான் குடியிருந்தார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பதிவு மூப்பு வரட்டும் என்று பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் புதுப்பித்துவிட்டு வருவாள். நான் தெருவில் நுழைந்தால் அவள் எதுவும் கேட்க மாட்டாள். என் கையை மட்டும் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன், உள்ளே போய்விடுவாள். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுப்பாள். அவள் பழைய மனை எண்ணை வைத்திருந்த இடத்தில் எல்லாம் புது எண்ணை மாற்றச் சொன்னது நான்தான். "ஒம்பதுன்னு மாத்திடும்மா, தபால் தப்பாது" என்று என் வாயாலேயே சொன்னேன். அவளும் ரேஷன் கார்டிலும் வேலைவாய்ப்பு அட்டையிலும் மாற்றிவிட்டு வந்தாள்.

அந்த வருஷம் எனக்கு விசாகப்பட்டினத்திலிருந்து அழைப்பு வந்தது. நான் வேலை பார்த்த கப்பலைப் பணியிலிருந்து விலக்குகிறார்கள், பழைய ஆட்கள் வரலாம் என்று. ஆறு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். சூரியன் இறங்கும் நேரத்தில் கொடியைக் கடைசித் தடவையாக இறக்கினார்கள். அந்தக் கொடிக் கயிற்றை எத்தனை வருஷம் பிடித்திருக்கிறேன்! வெட்கமில்லாமல் தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்தில் நின்றவர்களும் அழுதார்கள்.

திரும்பி வந்த அன்று காலை, தபால்களைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பதிலாளாக என் பீட்டைப் பார்த்த செல்வம் பக்கத்தில் இருந்தார். என் வயதுதான். தினக்கூலி ஆள், நிரந்தரம் இல்லை.

"அண்ணே, உன் தெருல ஒம்போதாம் நம்பரு வூடு பூட்டியே கீது. ரெண்டு மூணு லெட்டரு வந்துச்சு. கேட்டுக்கு உள்ளாற தள்ளிவுட்டுகினு வந்துட்டேன்."

காதர் பாய் வீடு பூட்டிக் கிடக்காது. அங்கே எப்போதும் யாராவது இருப்பார்கள்.

"எந்த ஒம்பது?" என்றேன்.

"ஒம்போதுல இன்னாண்ணே எந்த ஒம்போது?"

கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தேன். "கவர்மென்டு கவர் ஏதாவது இருந்துச்சா?"

"பழுப்புக் கலரா ஒண்ணு இருந்த மாரி கீது. பேரெல்லாம் எங்கண்ணே பாக்கறது? நூத்துக் கணக்குல இருந்துச்சு."

அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒன்பது என்று எழுதிய கடிதத்தை ஒன்பது என்று எழுதிய வீட்டில் போட்டிருக்கிறார். வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

பையை நிரப்பிக்கொண்டு நேராக அங்கே போனேன். ஏகாம்பரம் குடும்பத்தோடு பெங்களூரில் இளைய மகன் வீட்டுக்குப் போயிருந்தார். கிரில் கேட்டுக்கு உள்ளே, வராந்தாவில் மூன்று கடிதங்கள் கிடந்தன. ஒன்று பழுப்புக் கவர், கவிழ்ந்து கிடந்தது. பெயர் தெரியவில்லை. ஃபரீதா எதிர் வீட்டிலிருந்து என்னைப் பார்த்துவிட்டாள்.

"என்னண்ணா அங்க நிக்கிறீங்க?"

சொன்னேன். எனக்கே உறுதியாகத் தெரியாது, உன்னுடையதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றேன். அவள் தெருவைத் தாண்டி ஓடி வந்து கிரில்லுக்குள் எட்டிப் பார்த்தாள்.

இப்போது யோசியுங்கள். ஒரு வீட்டில் போட்ட கடிதம் அந்த வீட்டுக்காரருக்குச் சொந்தம். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவன் கடிதத்தை எடுத்தால் அதற்குப் பெயர் திருட்டு. நல்ல எண்ணம் என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது. நல்ல எண்ணத்தில் நான் ஏற்கெனவே ஒன்று செய்திருந்தேன், அதன் லட்சணம்தான் எதிரே கிடந்தது. மாடியில் 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்கியது. அதில் ஏகாம்பரத்தின் செல் நம்பர் இருந்தது. தெருமுனை டெலிபோன் பூத்துக்கு ஓடினேன்.

"யாரு? போஸ்ட்மேனா? இன்னாத்துக்கு போன் பண்ற? எட்டு போடப் போறியா? நான் ஊர்ல இல்லாத நேரமா பாத்து எட்டு போடலாம்னு பாக்கறியா?"

"ஐயா, எட்டெல்லாம் இல்ல. உங்க வராந்தாவுல ஒரு கவர் கிடக்குது. அத நான் எடுத்துக்கணும்."

"என் வூட்டு லெட்டர நீ ஏன்பா எடுக்கற?"

"அது உங்களது இல்லன்னு நினைக்கறேன்."

"நெனைக்கறியா? தெரியுமா தெரியாதா?"

"தெரியாது. கவுந்து கிடக்குது."

"ஒம்போதுன்னு போட்டிருந்தா அது எனக்குத்தான்."

நான் பொறுமையை இழந்துவிட்டேன். "யோவ், காதர் பாய் பொண்ணுக்கு பதினோரு வருஷமா வராத வேலை வந்திருக்குய்யா. நீ ராசி பாத்ததுல அது உன் வூட்டுக்குள்ள கிடக்குது" என்று கத்தினேன். பூத்துக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

பிறகு ஏகாம்பரம் வேறு குரலில் கேட்டார். "ஃபரீதாவுக்கா? அதானே பா என் பேரனுக்கு வாய்ப்பாடு சொல்லித் தருது. எடு. பூட்ட ஒடச்சாலும் பரவால்ல, எடு." லைனை வைக்கும் முன் ஒன்று சொன்னார்: "ஆனா எட்டு போடாத."

பூட்டை உடைக்க வேண்டியிருக்கவில்லை. ஃபரீதா வீட்டு ஒட்டடைக் குச்சியை கிரில் வழியாக விட்டு, கவரை மெல்ல இழுத்தோம். தெருவே கூடி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது. கையில் வந்ததும் திருப்பினேன். அவள் பெயர்தான். சான்றிதழ் சரிபார்ப்பு, காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், காலை பத்து மணிக்கு, அன்றைய தேதிதான். அப்போது மணி பதினொன்றரை.

அவள் சான்றிதழ் பையை எடுக்க உள்ளே ஓடினாள். தாமதத்துக்குக் காரணம் சொல்ல நானும் கூடப் போயாக வேண்டும். என் தபால் பையைப் பார்த்தேன். ஒன்றும் கொடுக்காமல் அப்படியே நிறைந்திருந்தது. அதைப் போட்டுவிட்டுக் கிளம்ப முடியாது. யார் வீட்டிலாவது வைத்துவிட்டுப் போகலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அந்தப் பைக்குள்ளும் பழுப்புக் கவர்கள் இருந்தன. இன்னொரு ஃபரீதா இன்னொரு தெருவில் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள் என்று எப்படிச் சொல்வது? ஆபீஸுக்குத் திரும்பிப் பையை ஒப்படைத்தேன், அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தேன், செல்வத்திடம் நடு முனுசாமி தெருவை வாயாலேயே விளக்கினேன். பல்லாவரம் பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் போய்விட்டது. ஃபரீதா நின்றுகொண்டிருந்தாள்.

"இந்த லேட்டுல வேலை போச்சுன்னா என்னண்ணா பண்றது?" என்றாள். வந்த முதல் பஸ்ஸில் ஏறினோம்.

தாம்பரத்தில் பஸ் மாறி, காஞ்சிபுரம் போய்ச் சேர மூன்றேகால் ஆனது. பள்ளிக்கூடத்து ஹாலில் பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா மேசையில் ஃபைல்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் அதிகாரி.

"பேர் கூப்பிட்டு, ஆப்சென்ட் போட்டு, லிஸ்ட்டும் மூடியாச்சும்மா. லெட்டர் எப்ப வந்துச்சு?"

ஃபரீதா என்னைப் பார்த்தாள். நான் காக்கிச் சட்டையோடு முன்னால் போய் நின்று, நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். சரி, ஃபைலையாவது பார்க்கிறேன் என்று கை நீட்டினார். ஃபரீதா எடுத்து வைத்தாள். சாதிச் சான்றிதழில் மனை எண் முப்பத்தொன்று. ரேஷன் கார்டில் ஒன்பது. வீட்டு வரி ரசீதில் பதினேழு.

"இதுல எது உங்க வீடு?"

"மூணும்தான் மேடம்."

"மூணு வீடா?"

"இல்ல மேடம். ஒரு வீடுதான்."

நான் குறுக்கே புகுந்து, மனை விற்ற வரிசை, அண்ணன் தம்பி மூன்று பேர், கப்பலில் வலது ஒற்றை இடது இரட்டை என்று ஆரம்பித்தேன். புகையில் சுவரைத் தடவியதைக்கூடச் சொன்னதாக ஞாபகம். அந்த அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்துங்க சார். தலை சுத்துது. நம்பர் போட்டது யாரு?"

"நான்."

"லெட்டரத் தப்பா போட்டது?"

அங்கேதான் எனக்கு ஒரு நொடி தடுமாறியது. செல்வம் பெயரைச் சொன்னால் அது உண்மை. சொன்னால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. "தப்பு என்னுது மேடம். எழுதித் தரேன்" என்றேன். நான் தன்னிச்சையாக இட்ட வீட்டு எண்ணால் வந்த குழப்பத்தில் மனுதாரரின் கடிதம் வேறு வீட்டில் சேர்ந்து, இன்று பதினொன்றரை மணிக்குத்தான் அவர் கைக்குக் கிடைத்தது, தவறு முழுவதும் என்னுடையது, மூன்று எண்ணும் ஒரே வீடு என்று ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஃபரீதா தனியாக ஒரு மனு எழுதினாள். அந்த அம்மா இரண்டையும் சேர்த்துக் குத்திக்கொண்டு, அவள் சான்றிதழ்களைப் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"முடிவு என் கையில இல்லம்மா. மேல அனுப்பறேன். ஒண்ணும் சொல்ல முடியாது."

திரும்பும்போது வாலாஜாபாத் வரை ஃபரீதா பையிலிருந்த சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டே வந்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏண்ணா நம்பர் போட்டீங்க? உங்கள யாரு கேட்டா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கடற்படையில் எத்தனையோ அதிகாரி என்னைக் காது கூசத் திட்டியிருக்கிறான். அதில் எதுவும் இப்படி என் நெஞ்சைப் பிடுங்கியதில்லை.

நான் எழுதிக் கொடுத்த தாள் சுற்றி வந்து என் மேலதிகாரியிடம் சேர்ந்தது. கூப்பிட்டு விசாரித்தார். "அன்னிக்கு நீ லீவுல இருந்திருக்க. லீவுல இருந்தவன் எப்படிய்யா லெட்டரத் தப்பா குடுக்க முடியும்?" என்றார். எண் போட்டதைச் சொன்னேன். விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கடிதத்தைத் தாமதித்தால் தண்டனை இருக்கிறது, திருடினால் இருக்கிறது, கிழித்தால் இருக்கிறது. சுவரில் எண் எழுதினால் ஒன்றும் இல்லை. "இனிமே சுவத்துல எதையும் எழுதாத" என்று அனுப்பிவிட்டார். தண்டனை கிடைத்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும் போல. அதுவும் இல்லாமல் வெளியே வந்து, சைக்கிளை எங்கே விட்டேன் என்று தேடிக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு சுண்ணாம்பு வாளியோடு நடு முனுசாமி தெருவுக்குப் போனேன். போட்டதை எல்லாம் அழித்துவிடுவது என்று முடிவு. ஏரிப் பக்கமிருந்து மூன்று வீடு அழித்திருப்பேன், ஃபரீதா ஓடி வந்து பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னண்ணா பண்றீங்க? மனுவுலயும் ஒம்பதுன்னுதான எழுதியிருக்கேன்? இத அழிச்சுட்டா பதில் வந்தா எந்த வீட்டுக்கு வரும்?"

மற்ற வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். ஒருவர் அந்த எண்ணில் கேஸ் இணைப்பு வாங்கியிருக்கிறார். ஒருவர் பாஸ்போர்ட்டே எடுத்திருக்கிறார். போடும்போது யாரும் வேண்டும் என்று கேட்காத எண்ணை, அழிக்கும்போது விட மாட்டோம் என்றார்கள். அழித்த மூன்றையும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. அந்தக் கூட்டத்தில் ஏகாம்பரமும் இருந்தார். ஒன்றும் பேசாமல் என் வாளியை வாங்கிக்கொண்டு போய், தன் வீட்டு ஒன்பதின் மேல் தானே சுண்ணாம்பை அடித்தார். "என் வூட்டுக்கு நம்பரே வேணாம்பா. எனக்கு எவன் லெட்டர் போடறான்?" என்றார்.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம், பத்து மாதம் என்று போனது. தினமும் அந்த வாசலை வெறுங்கையோடு கடக்க வேண்டும். அவள் என் கையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. வேறு பீட்டுக்கு மாற்றல் கேட்கலாம் என்று விண்ணப்பம்கூட எழுதினேன். நான் போய்விட்டால் அந்த வீட்டை யார் சரியாகப் பார்ப்பார்கள் என்று கிழித்துப் போட்டேன்.

ஒருநாள் பதிவுத் தபாலில் ஒரு கவர் வந்தது. அவள் பெயர், ஒன்பது, முனுசாமி தெரு. மற்ற வீடுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நேராக அங்கே போகக் கால் துடித்தது. வரிசையை மீறாமல் ஒவ்வொரு வீடாகக் கொடுத்துக்கொண்டே போனேன். எப்படிப் போனேனோ தெரியாது. ஃபரீதா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். கவரைப் பிரித்ததும் என்ன வேலை, எந்த ஊர் என்று பார்க்கவில்லை. முதலில் தேதியைத் தேடினாள். விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள்.

"இன்னும் பன்னண்டு நாள் இருக்குண்ணா" என்றாள். அப்புறம்தான் மேலே படித்தாள். மதுராந்தகம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. படிக்கப் படிக்க அழ ஆரம்பித்தாள். எனக்கும் கண் தளும்பியது, மறைக்கவில்லை.

கூடவே ஒரு படிவம் இருந்தது. வேலையில் சேரச் சம்மதம் என்று நிரப்பி அனுப்ப வேண்டும். பேனாவை வாங்கினாள். பெயர் எழுதினாள். முகவரியில் நின்றுவிட்டாள்.

"எந்த நம்பர்ணா எழுதறது?"

அந்தத் தெருவைத் தலைகீழாகச் சொல்பவன் நான். ஆனாலும் ஒன்பது என்று சொல்ல பயம், முப்பத்தொன்று என்று சொல்லவும் பயம். "எத வேணா எழுதும்மா. எப்படி வந்தாலும் நான் கொண்டாந்து குடுத்துடறேன்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க லீவுல போனா?"

அன்று சாயங்காலம் கடையில் ஒரு நோட்டு வாங்கினேன். ஆபீஸிலேயே உட்கார்ந்து, என் தலைக்குள் மட்டும் இருந்த தெருக்களை எழுத ஆரம்பித்தேன். செல்வம் பக்கத்தில் உட்கார்ந்து, புரியாத இடத்தில் எல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்டார். அவருக்குப் புரியும்வரை மாற்றி மாற்றி எழுதினேன். இப்போது உங்கள் கையில் இருக்கும் நோட்டு அதுதான். தெரு வரிசைப்படி நடு முனுசாமி தெரு எங்கோ நடுவில் வர வேண்டும். முதல் பக்கத்திலேயே ஏன் இருக்கிறது என்று குழம்பாதீர்கள். அந்த வீட்டைத்தான் முதலில் எழுதினேன்: 'ஃபரீதா டீச்சர் வீடு. ஒன்பது என்று வந்தாலும், முப்பத்தொன்று என்று வந்தாலும், பதினேழு என்று வந்தாலும், எண்ணே இல்லாமல் வந்தாலும் இங்கேதான் கொடுக்க வேண்டும்.'